முகவரிக்கா, வேலைக்கா? அரசுக் கொள்முதலில் வழங்குநரின் இருப்பிடத்தை எடைபோடும் வழிகள்

ஒரு நகராட்சியின் மேசையில் இரண்டு விலைப்புள்ளிகள் இருக்கின்றன. தொலைதூர நிறுவனம் ஒன்று 100 கேட்டிருக்கிறது. அதே ஊரில் தொழிற்கூடம் வைத்திருப்பவர் 104 கேட்டிருக்கிறார். இரண்டு பொருள்களும் தகுதியானவை என்று தொழில்நுட்பக் குழு கையெழுத்திட்டுவிட்டது. கணக்கு அதிகாரி 100 என்கிறார். தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். மன்ற உறுப்பினர் 104 என்கிறார். வேலை கேட்டு வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

உறைகளைப் பிரித்த பிறகு இந்த விவாதம் தொடங்குவதுதான் கோளாறு. அந்த நிமிடத்தில் 104-ஐத் தேர்ந்தெடுத்தால் அது சலுகை, நீதிமன்றத்தில் நிற்காது. இருப்பிடத்துக்கு என்ன மதிப்பு என்பது ஒப்பந்தப்புள்ளி ஆவணத்தை எழுதும்போதே முடிவாகி, எல்லோருக்கும் தெரியும்படி அச்சாகியிருக்க வேண்டும். உலக நாடுகளில் அரசுக் கொள்முதல் பொதுவாக மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 10 முதல் 15 விழுக்காடு வரை இருக்கிறது. இவ்வளவு பெரிய பணம் எந்தத் திசையில் ஓட வேண்டும் என்பதை மேசையைச் சுற்றி நடக்கும் வாக்குவாதத்துக்கு விட்டுவிடக் கூடாது.

ஆவணத்தில் எழுத ஆறு வழிகள் இருக்கின்றன. அவற்றை ஒப்பிடுவதற்கு முன், தூரம் உண்மையில் எதை மாற்றுகிறது என்று பார்த்துவிட வேண்டும்.

தூரம் செய்யும் மூன்று வேலைகள்

முதலாவது, வேலையின் செலவும் ஆபத்தும். இதில் லாரி வாடகை மிகச் சிறிய பகுதி. பழுதான கருவியைப் பார்க்க ஆள் வந்து சேரும் நேரம், உதிரிபாகத்துக்குக் காத்திருக்கும் நாள்கள், உற்பத்தி நடக்கும் இடத்துக்கே போய்ச் சோதிக்கும் செலவு ஆகியவைதான் பெரியவை. சான் பிரான்சிஸ்கோவையும் ஓக்லாண்டையும் இணைக்கும் விரிகுடாப் பாலத்தின் புதிய கிழக்குப் பகுதி 2013 செப்டம்பரில் திறக்கப்பட்டது. அதன் எஃகுத் தளமும் கோபுரமும் ஷாங்காயில் உருவானவை. விலை குறைவு என்பதே அந்தத் தேர்வுக்கு முக்கியக் காரணம். ஆனால் வெல்டிங்கில் குறைகள் தென்பட்டன, ஆய்வாளர்களைக் கடல் கடந்து அங்கேயே நிறுத்திவைக்க வேண்டியிருந்தது, வேலை தாமதமானது. இதைக் கொண்டு வெளிநாட்டு எஃகு மோசம் என்று முடிவுகட்டுவது சரியல்ல. தொலைவிலிருந்து வாங்குபவர் கண்காணிப்பையும் சேர்த்தே வாங்குகிறார், அந்தச் செலவு விலைப்புள்ளித் தாளில் எந்தக் கட்டத்திலும் இருப்பதில்லை என்பதுதான் இதில் கற்க வேண்டியது.

இரண்டாவது, பணம் அடுத்து எங்கே போகிறது என்பது. ஊதியம், வரி, துணை ஒப்பந்தங்கள் வழியாக அது அதே வட்டாரத்தில் இன்னொரு சுற்று வருகிறதா, அல்லது அன்றே வெளியேறிவிடுகிறதா? பெரும்பாலான கொள்முதல் பட்டியல்கள் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வட்டாரத்தில் ஒரு பெயர்ப்பலகையும் ஒரு கணினியும் மட்டும் வைத்துக்கொண்டு, வேறெங்கோ செய்த பொருளுக்கு விலைப்பட்டியல் எழுதிக் கொடுப்பவர் கணக்கில் உள்ளூர்க்காரர் ஆகிவிடுகிறார். தலைமை அலுவலகம் தொலைவில் இருந்தாலும் இங்கே 80 பேருக்கு வேலை கொடுத்து உற்பத்தி செய்பவர் வெளியூர்க்காரர் ஆகிவிடுகிறார். முகவரியை அளந்தால் கிடைக்கும் விடை இதுதான்.

மூன்றாவது, தட்டுப்பாடு வரும்போது பொருள் கையில் இருக்குமா என்பது. 2020 ஏப்ரலுக்குள் 80 நாடுகளும் சுங்க எல்லைகளும் முகக்கவசம் முதலிய மருத்துவப் பொருள்களின் ஏற்றுமதிக்குத் தடையோ கட்டுப்பாடோ விதித்திருந்ததை உலக வர்த்தக அமைப்பு பதிவுசெய்தது. ஒப்பந்தம் கையில் இருந்தும் பொருள் வரவில்லை என்ற நிலை அப்போது பல அரசுகளுக்கு ஏற்பட்டது. ஆனால் அருகில் இருப்பதே பாதுகாப்பு என்று இதற்கு அர்த்தம் கொள்ளக் கூடாது. ஒரே வெள்ளத்தில் வாங்குபவரின் கிடங்கும் வழங்குநரின் ஆலையும் சேர்ந்தே மூழ்கும். இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்குவதுதான் பாதுகாப்பு.

இந்த மூன்றையும் ‘உள்ளூருக்கு முன்னுரிமை’ என்ற ஒரே சொல்லுக்குள் திணித்துவிடுவதால்தான் தவறான கருவியைக் கையில் எடுக்கிறோம்.

முதல் வழி: இருப்பிடத்தைப் பார்க்காமலே வாங்குவது

தகுதி பெற்றவர்களில் குறைந்த விலைக்குக் கொடுப்பது. எளிமையானது, தணிக்கைக்கு உகந்தது, வேண்டியவர்களுக்குக் கதவு திறக்காதது. உலக வர்த்தக அமைப்பின் அரசுக் கொள்முதல் உடன்பாடும் இந்தக் கொள்கையின் மேல்தான் நிற்கிறது. திருத்தப்பட்ட வடிவம் 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறையில் இருக்கிறது. உறுப்பினர்கள் தாங்கள் பட்டியலிட்ட அலுவலகங்களின் கொள்முதலில், குறிப்பிட்ட தொகைக்கு மேல், மற்ற உறுப்பு நாடுகளின் வழங்குநர்களை வேற்றாளாக நடத்த முடியாது. இந்தியா அதில் உறுப்பினர் அல்ல. 2010 முதல் பார்வையாளராக மட்டும் இருக்கிறது.

இந்த வழியை நான் மதிக்கிறேன், ஒரு நிபந்தனையோடு. ஒப்பிடப்படும் விலை, பொருள் வந்து இறங்கி, நிறுவப்பட்டு, அதன் ஆயுள் முழுவதும் ஓடுவதற்கான விலையாக இருக்க வேண்டும். ஆலை வாசல் விலையை மட்டும் ஒப்பிட்டுவிட்டு, இருப்பிடத்தைப் பார்க்கவில்லை, நடுநிலையாக இருந்தோம் என்று சொல்வது பொருந்தாது. அங்கே தூரத்தின் செலவு மறைக்கப்பட்டுவிட்டது. தொலைவில் இருப்பவருக்கு அது ஒரு சலுகை.

இரண்டாவது வழி: விலையில் முன்னுரிமை

ஒப்பிடும் நேரத்தில் மட்டும் வெளியாரின் விலையை ஏற்றிக் காட்டுவது. இதில் பழமையும் புகழும் வாய்ந்தது அமெரிக்காவின் 1933-ஆம் ஆண்டுச் சட்டம். இன்றைய விதிப்படி, உள்நாட்டுப் பொருளைத் தருபவர் பெரிய நிறுவனமானால் வெளிநாட்டு விலையின் மேல் 20 விழுக்காடும், சிறு நிறுவனமானால் 30 விழுக்காடும் ஏற்றிப் பார்க்கிறார்கள். பாதுகாப்புத் துறையில் 50 விழுக்காடு. கவனிக்க வேண்டியது, அந்தச் சட்டம் நிறுவனத்தின் முகவரியைக் கேட்பதில்லை. பொருள் எங்கே உருவானது, அதன் பாகங்களின் செலவில் எவ்வளவு உள்நாட்டினுடையது என்றுதான் கேட்கிறது. அந்தப் பங்கு 2024 முதல் 65 விழுக்காடு, 2029 முதல் 75 விழுக்காடு என்று உயர்த்தப்பட்டிருக்கிறது.

இதற்கு எவ்வளவு செலவாகும்? ஏட்டில் ஒரு வாதம் உண்டு: அளவான முன்னுரிமை கொடுத்தால், பின்தங்கியவரும் வெல்ல வாய்ப்பிருக்கிறது என்ற அச்சத்தில் வலுவானவர் தன் விலையைக் குறைப்பார், அரசுக்கு லாபமே வரும். அழகான வாதம். ஆனால் களத்தில் கிடைத்த சான்று வேறு. கலிபோர்னியாவின் நெடுஞ்சாலைப் பணிகளில் சிறு நிறுவனங்களுக்கு 5 விழுக்காடு முன்னுரிமை உண்டு. கூட்டாட்சி நிதி கலந்த பணிகளுக்கு அது கிடையாது. இரண்டு வகைப் பணிகளையும் ஒப்பிட்டு 2007-இல் வெளியான ஓர் ஆய்வு, முன்னுரிமை இருந்த பணிகளில் விலை 3.8 விழுக்காடு அதிகம் என்று கண்டது. திறமையான பெரிய நிறுவனங்கள் போட்டிக்கே வராமல் விலகியது இதற்கு முக்கியக் காரணம். இது சிறு நிறுவனங்களுக்கான சலுகை, இருப்பிடத்துக்கானது அல்ல. ஆனாலும் இயங்கும் முறை ஒன்றே. முன்னுரிமையின் உண்மையான செலவு, ஒப்பந்தப்புள்ளியே போடாமல் போனவர்களிடம் இருக்கிறது. அவர்கள் எந்தக் கோப்பிலும் தென்படமாட்டார்கள்.

ஆகவே இந்த வழியைத் தேர்பவர்கள் விழுக்காட்டைச் சிறியதாக வைத்து, வெளிப்படையாக அறிவித்து, ஆண்டு முடிவில் எவ்வளவு கூடுதலாகக் கொடுத்தோம், எத்தனை பேர் போட்டியிட்டார்கள் என்ற இரண்டு எண்களையும் மன்றத்தின் முன் வைக்க வேண்டும். அந்தத் தொகை ஒரு மானியம். மானியத்தை மானியம் என்றே சொல்லிச் செலவிடுவதில் குற்றமில்லை.

மூன்றாவது வழி: விலையை ஈடுசெய்யும் வாய்ப்பு

இந்தியாவின் 2017-ஆம் ஆண்டு ஆணை இந்த வகை. உள்நாட்டு மதிப்பு 50 விழுக்காடோ அதற்கு மேலோ உள்ளவர் முதல் வகை உள்ளூர் வழங்குநர். குறைந்த விலை கேட்டவர் அந்த வகையில் இல்லையென்றால், பிரித்துக் கொடுக்கக்கூடிய பொருளில் பாதி அவருக்கு. மீதிப் பாதியை, அவருடைய விலையிலிருந்து 20 விழுக்காட்டுக்குள் இருக்கும் முதல் வகை உள்ளூர் வழங்குநருக்கு, அதே குறைந்த விலைக்கே தர முன்வந்தால் கொடுக்கலாம். குறு, சிறு நிறுவனங்களுக்கான 2012-ஆம் ஆண்டு ஆணையிலும் குறைந்த விலைக்கு இறங்கி வந்தால் ஒரு பங்கு என்ற இதே முறைதான். அங்கே எல்லை 15 விழுக்காடு.

நம் எடுத்துக்காட்டில் 104 கேட்டவர் 100-க்கு இறங்கி வந்தால் பாதி அவருக்கு. கருவூலத்திலிருந்து ஒரு காசு கூடுதலாகப் போகவில்லை. நிதி நெருக்கடியில் இருக்கும் அமைப்புக்கு இரண்டாவது வழியைவிட இது மேல் என்பேன். வழங்குநரையும் இது செம்மைப்படுத்துகிறது. அடுத்த முறை அவர் 104 கேட்க யோசிப்பார்.

செலவே இல்லை என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. உழைத்துக் கணக்குப் போட்டுக் குறைந்த விலை கொடுத்தவர் பாதியை இழக்கிறார். ‘என் விலையைக் காட்டி அவரிடம் வாங்குவதற்கு நான் எதற்கு?’ என்று அவர் கேட்கத் தொடங்கும்போது, அடுத்த ஆண்டு 100 என்ற விலையே மேசைக்கு வராது. போட்டியாளர்கள் நிறைய உள்ள, தரம் வரையறுக்கப்பட்ட, பிரித்து வாங்கக்கூடிய பொருள்களுக்கு இது பொருந்தும். இரண்டு மூன்று பேரே இருக்கும் சந்தையில் ஆண்டுதோறும் இதைச் செய்தால் கிணறு வற்றிவிடும்.

நான்காவது வழி: ஒதுக்கீடு

போட்டியையே வட்டாரத்துக்குள் அடைத்துவிடுவது. பலரும் முதலில் கேட்பது இதைத்தான். நான் கடைசியாக எடுக்கச் சொல்வதும் இதைத்தான்.

இத்தாலி 1980-களில், பொது அமைப்புகள் தங்கள் கொள்முதலில் குறைந்தது 30 விழுக்காட்டைப் பின்தங்கிய தென் பகுதி நிறுவனங்களிடமிருந்து வாங்க வேண்டும் என்று சட்டம் இயற்றியது. நோக்கம் உயர்ந்தது. ஆனால் 1990-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. வட இத்தாலிய நிறுவனங்களும்தானே பாதிக்கப்படுகின்றன, வெளிநாட்டவர் மட்டுமல்லவே என்ற விளக்கமும் எடுபடவில்லை. பிரிட்டன் வேறு பாதையில் போனது: 2020 டிசம்பரில் வந்த கொள்கைக் குறிப்பு, சர்வதேச உடன்பாடுகள் தொடாத சிறிய தொகைக் கொள்முதல்களை மட்டும் வட்டாரத்துக்கு ஒதுக்க இடம் கொடுத்தது. ஒதுக்கீடு என்றால் அந்த அளவோடு நிற்பது நல்லது.

சட்டத்தைவிடப் பெரிய கவலை கூட்டுச் சதி. ஒரே வட்டாரத்தில் ஒரே வேலை செய்யும் ஐந்து பேருக்கு ஒருவரையொருவர் தெரியும். வெளியார் வரமாட்டார் என்பதும் தெரியும். இந்த முறை நீ, அடுத்த முறை நான் என்று பேசி முடிப்பதற்கு வேறென்ன வேண்டும்? கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2011 முதல் 2015 வரை இயங்கிய ஷார்பொனோ விசாரணை ஆணையம், மாண்ட்ரியல் வட்டாரக் கட்டுமான நிறுவனங்கள் நகராட்சி வேலைகளை எப்படித் தங்களுக்குள் பங்கிட்டுக்கொண்டன என்பதை விரிவாக வெளிக்கொண்டுவந்தது. அங்கே வெளியாரைத் தடுத்தது சட்டமல்ல, அந்த நிறுவனங்களே. நாமே விதி எழுதித் தடுத்தால் அவர்களுடைய வேலையை நாம் செய்து கொடுத்ததாகும்.

பதிலடியும் வரும். அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில், எங்கள் வழங்குநரை உங்கள் மாநிலம் எந்த அளவுக்குத் தள்ளிவைக்கிறதோ அதே அளவுக்கு உங்களவரை நாங்கள் தள்ளிவைப்போம் என்ற சட்டம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூனில், 50 லட்சம் யூரோவுக்கு மேற்பட்ட மருத்துவக் கருவிக் கொள்முதல்களிலிருந்து சீன நிறுவனங்களை விலக்கியதும், சீனா தன் கொள்முதலில் ஐரோப்பிய நிறுவனங்களை ஒதுக்கியதற்கான பதில்தான். பக்கத்து ஊருக்கு விற்றுப் பிழைக்கும் சிறு தொழிற்கூடத்துக்கு, சொந்த ஊரின் சலுகையைவிடப் பக்கத்து ஊரின் கதவு மூடுவது பெரிய இழப்பாகலாம்.

ஐந்தாவது, ஆறாவது வழிகள்: பிரித்து வாங்குவதும் தேவையை எழுதுவதும்

இவை இரண்டிலும் ‘உள்ளூர்’ என்ற சொல்லே வராது. ஆனால் அருகில் இருப்பவருக்கு உண்மையான பலன் இவற்றில்தான் கிடைக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சிறு வழங்குநர்களை வெளியே நிறுத்துவது பெரும்பாலும் விலையல்ல. ஒப்பந்தத்தின் அளவு, கேட்கப்படும் ஆண்டு வரவுசெலவு, முன்வைப்புத் தொகை, 200 பக்க ஆவணம் ஆகியவைதான் தடைகள். நாற்பது பள்ளிகளின் பராமரிப்பை ஒரே ஒப்பந்தமாகக் கட்டினால் மூன்று பேர் வருவார்கள். நான்கு பகுதிகளாகப் பிரித்தால் முப்பது பேர் வரலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2014-ஆம் ஆண்டு நெறிமுறை, ஒப்பந்தத்தைப் பிரிக்காத அலுவலகம் ஏன் பிரிக்கவில்லை என்று காரணம் எழுத வேண்டும் என்கிறது. கட்டாயப்படுத்தாமல் பழக்கத்தை மாற்றும் நல்ல விதி அது.

இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரம் இதற்கு நல்ல சான்று. நகர மன்றம், கல்லூரிகள், காவல்துறை போன்ற ஆறு பெரிய பொது அமைப்புகள் 2012-13-இல் தங்கள் செலவுப் பட்டியல்களை விரித்துப் பார்த்தன. நகரத்துக்குள் செலவானது 5 விழுக்காடு. லங்காஷயர் வட்டாரம் முழுவதிலும் சேர்த்து 39 விழுக்காடு. 2016-17-இல் இவை 18, 79 விழுக்காடுகளாக உயர்ந்திருந்தன. அப்போது ஐரோப்பிய விதிகள் நடைமுறையில் இருந்ததால் முகவரிக்கு மதிப்பெண் கொடுக்கும் வழி அவர்களுக்கு இல்லை. எந்தப் பொருளுக்கான பணம் வெளியேறுகிறது என்று கண்டார்கள், ஒப்பந்தங்களைப் பிரித்தார்கள், வரப்போகும் ஒப்பந்தப்புள்ளிகளை முன்கூட்டியே சொன்னார்கள், விண்ணப்பிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். பொறுமை கேட்கும் அலுவலக வேலை இது, மேடையில் அறிவிக்க எதுவும் கிடைக்காது. பிரிப்பதற்கும் விலை உண்டு: நான்கு ஒப்பந்தங்களுக்கு நான்கு கோப்புகள், நான்கு பேரோடு கடிதப் போக்குவரத்து. இரண்டே பேர் வேலை செய்யும் கொள்முதல் பிரிவு இதில் திணறும். அங்கே ஆள் சேர்ப்பதுதான் முதல் செலவாக இருக்க வேண்டும்.

ஆறாவது வழி, தூரத்தால் கெடும் விஷயத்தையே நிபந்தனையாக எழுதுவது. ‘20 கிலோமீட்டருக்குள் அலுவலகம் இருக்க வேண்டும்’ என்பது முகவரி. ‘அழைத்த இரண்டு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும், தவறினால் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு பிடித்தம்’ என்பது வேலை. தொலைவில் இருப்பவர் இங்கே ஆள் போட்டு அதை நிறைவேற்றட்டும்; அருகில் இருந்தும் வராதவர் அபராதம் கட்டட்டும்.

இதிலும் தவறிழைக்க இடம் உண்டு. ஸ்பெயினில், வீட்டிலேயே ஆக்சிஜன் சிகிச்சை பெறும் நோயாளிகளுக்கான சேவைக்கு ஒப்பந்தப்புள்ளி கோரியவர்கள், விண்ணப்பிக்கும்போதே மாகாணத் தலைநகரில் அலுவலகம் திறந்திருக்க வேண்டும் என்றார்கள். 1,000 கிலோமீட்டருக்குள் உற்பத்தி ஆலை ஏற்கெனவே இருந்தால் கூடுதல் மதிப்பெண் என்றார்கள். நோயாளியின் மூச்சு நின்றுவிடக் கூடாது என்ற அக்கறையில் யாருக்கும் மாற்றுக் கருத்து இருக்க முடியாது. ஆனால் 2005-இல் ஐரோப்பிய நீதிமன்றம் இந்த நிபந்தனைகள் அந்த நோக்கத்துக்குத் தேவையானதைத் தாண்டிவிட்டன என்ற பக்கம் நின்றது. வென்ற பிறகு அலுவலகம் திறந்தால் நோயாளிக்கு என்ன குறை? விண்ணப்பிக்கும் நாளிலேயே கேட்டால் ஏற்கெனவே அங்கே இருப்பவருக்கு மட்டுமே அது வசதி. தகுதி நிபந்தனையாக வைக்காமல் ஒப்பந்த நிபந்தனையாக வைத்திருந்தால் வழக்கே வந்திருக்காது.

அயர்லாந்தின் டண்டாக் நகரக் குடிநீர்த் திட்டத்திலும் இப்படித்தான் நடந்தது. குழாய்கள் அந்நாட்டுத் தரச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று எழுதினார்கள்; அந்தச் சான்று ஒரே ஓர் உள்நாட்டு நிறுவனத்திடம்தான் இருந்தது. 1988-இல் ஐரோப்பிய நீதிமன்றம் கண்ட குறை மிகச் சிறியது: ‘அல்லது அதற்கு இணையானது’ என்ற சொற்கள் இல்லை.

என்ன முடிவெடுப்பது

மென்பொருள் உரிமம் போன்றவற்றில் தூரம் எதையும் மாற்றுவதில்லை. முதல் வழி போதும். தரவு எந்த நாட்டில் சேமிக்கப்படுகிறது என்பது வேறு கேள்வி, அதைத் தனி நிபந்தனையாக எழுதலாம்.

குழாய், மேசை, சீருடை போன்ற வரையறுத்த பொருள்களுக்கு வந்து இறங்கும் விலையை ஒப்பிட்டு, பகுதிகளாகப் பிரித்து வாங்குவது நல்லது. வட்டார வேலைவாய்ப்பும் கொள்கை நோக்கமானால் மூன்றாவது வழியைச் சேர்க்கலாம். அப்போது அளக்க வேண்டியது பதிவு முகவரியை அல்ல, இங்கே நடக்கும் மதிப்புக்கூட்டலை. இந்திய ஆணை 10 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட கொள்முதலில் தணிக்கையாளர் அல்லது அடக்கவிலைக் கணக்காளரின் சான்றைக் கேட்பது இதற்காகத்தான்.

மருத்துவக் கருவிப் பராமரிப்பு, குடிநீர்ப் பம்புகளின் பழுதுநீக்கம் போன்ற சேவைகளில் ஆறாவது வழி இல்லாமல் ஒப்பந்தமே போடக் கூடாது. 100 கேட்டவர் மூன்று நாள் கழித்து வருவார், 104 கேட்டவர் ஒரு மணி நேரத்தில் வருவார் என்றால், அந்த இரண்டு எண்களும் ஒரே பொருளின் விலைகள் அல்ல. ஆபத்துக்கால மருந்துகளுக்கு இரண்டு வெவ்வேறு வட்டாரங்களிலிருந்து இரண்டு வழங்குநர்கள் இருக்கட்டும். அதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுப்பது காப்பீட்டுத் தவணை கட்டுவது போன்றது.

எந்த வழியானாலும், உள்ளூர்ப் பங்கைக் கோரும் பொருளும் அரசு வாங்கும் பொருளும் ஒன்றாக இருக்கின்றனவா என்று சட்டப் பிரிவிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். சூரிய மின்சாரத் திட்டத்தில் உள்நாட்டு மின்கலங்களைக் கட்டாயமாக்கிய இந்தியா, இது அரசுக் கொள்முதல்தான் என்று உலக வர்த்தக அமைப்பில் வாதாடியது. அரசு வாங்கியது மின்சாரம், கட்டுப்படுத்தியது மின்கலம் என்று 2016-இல் மேல்முறையீட்டு அமைப்பு அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது.

இனி அந்த 104-க்கு வருவோம். இந்த முறை ஆவணத்தில் எதுவும் எழுதப்படவில்லை என்றால் 100-க்குத்தான் கொடுக்க வேண்டும். ஆனால் கோப்பை அதோடு மூடிவிடக் கூடாது. தோற்றவரை ஒரு வாரத்துக்குள் அழைத்து, எந்த வரியில் விலை ஏறியது, எந்தச் சான்றிதழ் இல்லாமல் மதிப்பெண் குறைந்தது என்று மதிப்பீட்டுத் தாளை வைத்துப் பேச வேண்டும். அடுத்த ஒப்பந்தப்புள்ளி எந்த மாதம் வரும் என்பதையும் சொல்லி அனுப்ப வேண்டும்.